மேடு ஏறும் மின்வண்டி: கம்பம், போடி, குமுளிப் பக்கம் முதல் இவி வாங்குபவர்களுக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் மின்சாரக் கார் பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் விழும் கேள்வி, "மேடு ஏறுமா?" என்பதுதான். ஏறும். அதே விலைக்கு வரும் பெட்ரோல் வண்டியை விட நன்றாகவே ஏறும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ராத்திரி வண்டி எங்கே நிற்கப்போகிறது, அங்கே ஒழுங்கான எர்த்தோடு ஒரு பிளக் இருக்கிறதா? இதற்கு "ஆமாம்" என்று சொல்ல முடிந்தால் சிறிய பேட்டரி வண்டியே நம்மில் பலருக்குப் போதும். சொல்ல முடியாவிட்டால் எவ்வளவு பெரிய பேட்டரி வாங்கினாலும் தினமும் தலைவலிதான்.

இந்தக் கட்டுரை கம்பத்திலோ போடியிலோ வீடும், மேலே ஏலத்தோட்டமும் வைத்திருப்பவர்களுக்கும், குமுளி, வண்டிப்பெரியாறு, பூப்பாறை, மூணாறு பக்கம் குடியிருந்து தேனிக்கும் மதுரைக்கும் இறங்கி வருபவர்களுக்கும். முதல்முறையாக ஒரு சின்ன மின்சார எஸ்யூவி வாங்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு, எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையில் சொல்கிறேன்.

ஷோரூமுக்குப் போகும் முன்: ஓட்டத்தைக் கணக்கெடுங்கள்

ஒரு மாதத்துக்கு இப்போதைய வண்டியின் கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். மொத்தக் கணக்கை விட, ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு ஓடுகிறது என்பதுதான் முக்கியம். கம்பத்திலிருந்து குமுளி போய்த் திரும்பினால் 50 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். தேனியிலிருந்து மூணாறு ஒருவழி ஏறக்குறைய 85. தேனியிலிருந்து மதுரை ஒருவழி 75 சொச்சம். தோட்டத்துக்குப் போய் வருவது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, சந்தை, கல்யாண வீடு என்று ஓடும் குடும்பத்துக்கு ஒரு நாளில் 120 கிலோமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். வருஷத்துக்கு நான்கு தடவை சென்னை போகிறோம் என்பதற்காக மூன்று நான்கு லட்சம் கூடக் கொடுத்துப் பெரிய பேட்டரி வாங்குவது என் கணக்கில் சரிவராது. அந்த நான்கு தடவையும் தேனியிலிருந்து ரயிலே போகிறது.

அடுத்து: எர்த்

வண்டி புக் செய்வதற்கு முன்பே ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். மின்சார கார்களோடு வரும் சாதாரண சார்ஜர் ஏசிக்குப் போடும் 16 ஆம்பியர் பிளக்கில் ஓடும். மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏற்றும். ராத்திரி பத்து மணிக்குச் செருகிக் காலை ஆறு மணிக்கு எடுத்தால் 24 யூனிட், அதாவது குறைந்தது 150 கிலோமீட்டர் ஓட்டம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஏசி இரண்டு மணி நேரம் ஓடி நிற்கும், நடுநடுவே கம்ப்ரசர் ஓய்வெடுக்கும். கார் சார்ஜர் எட்டு மணி நேரம் விடாமல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய வீட்டு ஒயரிங் தன் குணத்தைக் காட்டுவது அப்போதுதான்.

ஒயர்மேனிடம் கேட்க வேண்டியவை: மீட்டர் பெட்டியிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் தனி லைன், அதற்கென்று தனி எம்சிபி (அளவுக்கு மேல் இழுத்தால் விழும் ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் ஸ்விட்ச்), நல்ல கம்பெனி இண்டஸ்ட்ரியல் சாக்கெட், இடி மின்னலுக்கு ஒரு சர்ஜ் பாதுகாப்பு. பிறகு வாங்கப்போகும் வண்டி 7.2 கிலோவாட் சார்ஜரை ஏற்கும் என்றால், இப்போதே 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்துவிடுவது நல்லது. சுவரை இரண்டு தடவை உடைக்க வேண்டியிருக்காது.

எர்த் விஷயத்தில் நம் ஊரில் வழக்கமாக நடப்பது இப்படி. "எர்த் இருக்காண்ணே?" என்று கேட்டால், "அதெல்லாம் வீடு கட்டும்போதே போட்டாச்சு தம்பி" என்று பதில் வரும். வாய்ப்பேச்சு வேண்டாம். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எரிவதைப் போலவே பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் எர்த் குழி செத்துவிட்டது. ஆர்சிசிபி இருக்கும் லைனில் இப்படிச் சோதித்தால் அது உடனே விழுந்துவிடும், அது கோளாறல்ல. அங்கே மல்டிமீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பார்க்கலாம். ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் சந்தோஷம்.

மலையில் இது இன்னும் சிக்கல். பாறை மேல் கட்டிய எஸ்டேட் வீடுகளில் குழி ஆழமாக இறங்காது. மழைக்காலத்தில் ஈரம் இருப்பதால் எர்த் வேலை செய்யும், பங்குனி சித்திரையில் மண் காய்ந்ததும் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பிக்கும். "வண்டியில் கோளாறு" என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுவார்கள். குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் பல வீடுகளில் விளக்கு பச்சைக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பினால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. குழியைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். கரியும் உப்பும் கொட்டிய பழைய முறைக் குழியானாலும் சரி, இப்போது வரும் ரசாயன எர்த் குழாயானாலும் சரி, சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சார்ஜ் போட்ட முதல் ராத்திரி ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம். கையை எடுக்கத் தோன்றும் அளவுக்குச் சூடு இருந்தால் உடனே அணைத்துவிட்டு சாக்கெட்டையும் திருகு முனைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடவே போடாதீர்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து ஒயர் இழுத்து "ஒரு நாள் மட்டும்" என்பதும் கூடாது.

மேட்டுக்கு மேலே மாலை ஆறிலிருந்து பத்து வரை வோல்டேஜ் இறங்கும் இடங்கள் உண்டு. மிகவும் இறங்கினால் சார்ஜர் தானாகவே நின்றுவிடும். பத்து மணிக்கு மேல் தொடங்குமாறு வண்டியிலோ ஆப்பிலோ நேரம் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

கரண்ட் பில்: 500க்கும் 250க்கும் நடுவே

"கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்" என்று விற்பவர் சொல்வார். அது உங்கள் பில்லைப் பொறுத்தது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்து, ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் 160 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், ஆக 320 யூனிட். வீட்டுக்கு ஏற்கெனவே 250 ஓடுகிறது என்றால் மொத்தம் 570. பிரச்சினை இங்கேதான். 500 யூனிட்டைத் தாண்டியதும் கணக்கு மாறிவிடும்: முதல் 100 இலவசம் நிலைக்கும், ஆனால் அதற்கு அடுத்த யூனிட்டுகளுக்குக் கிடைத்த மலிவு விலை போய்விடும், 500க்கு மேல் ஓடியதற்கு இன்னும் கூடுதல் விலை. வண்டிக்கென்று தனி மீட்டர் எடுத்தால் லாபமா என்று ஈபி ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

கேரளப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோடு மாதம் 250 யூனிட்டில் விழுகிறது. அதுவரை படிப்படியாக விலை ஏறும். தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே கூடிய விலை. 245இல் நிற்பதும் 255இல் நிற்பதும் ஒன்றல்ல. கூரையில் இடமும் வெயிலும் இருந்தால் சோலார் யோசிக்கலாம். 2024இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. தேனி மாவட்டத்து வெயிலுக்கு அது பலன் தரும். ஆடி மாதத்து வண்டிப்பெரியாறில் எவ்வளவு தரும் என்பது அங்கே இருப்பவர்களுக்கே தெரியும்.

எந்தப் பக்கமாக இருந்தாலும், விலை கூடிய அடுக்கில் விழுந்தாலும், வீட்டுச் சார்ஜில் கிலோமீட்டருக்கு ஒன்றரை இரண்டு ரூபாய்க்குள் அடங்கிவிடும். பொது வேகச் சார்ஜரில் மட்டுமே ஓட்டினால், யூனிட் 20 ரூபாயைச் சுற்றி இருக்கும்போது, மூன்று ரூபாயாகும். மேட்டில் லிட்டருக்கு 12, 13 கொடுக்கும் பெட்ரோல் வண்டியோடு ஒப்பிட்டால் அதுவும் குறைவுதான், ஆனால் வீட்டில் பிளக் இல்லாமல் வாங்குபவருக்குச் சேமிப்பும் குறைவு, நிம்மதியும் குறைவு.

எந்த வண்டி, எந்த பேட்டரி

இந்த ரகத்தில் இங்கே முதலில் பரவலாக ஓடியது டாடா நெக்ஸான் இவி. 2020 ஜனவரியில் 30.2 கிலோவாட் மணி (கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான் கிலோவாட் மணி) பேட்டரியோடு வந்தது. 2023இல் மஹிந்திரா எக்ஸ்யூவி400, சிட்ரோயன் இசி3 வந்தன. 2024 ஜனவரியில் டாடா பஞ்ச் இவி, 10.99 லட்சம் ஷோரூம் விலையில். அப்புறம் வரிசையாகப் பல வந்துவிட்டன, ஏற்கெனவே இருந்தவையும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் பஞ்ச் இவி முதலில் வந்த வடிவத்தையே அளவுகோலாக வைத்துச் சொல்கிறேன். நீங்கள் பார்க்கும் வண்டியின் எண்களை இதே இடங்களில் பொருத்திப் பாருங்கள்.

அது இரண்டு பேட்டரியில் வந்தது. 25 கிலோவாட் மணி: 82 பிஎஸ் சக்தி, 114 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை), சோதனைச்சாலைக் கணக்கில் 315 கிலோமீட்டர். 35 கிலோவாட் மணி: 122 பிஎஸ், 190 நியூட்டன் மீட்டர், 421 கிலோமீட்டர். நின்ற இடத்திலிருந்து 100 வேகத்தைத் தொட பெரியது 9.5 வினாடி எடுக்கும், சிறியது 13.5 வினாடி. இந்த 315ஐயும் 421ஐயும் அப்படியே நம்பாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு என்று எடுத்துக்கொண்டால் சாலையில் கிடைப்பதற்கு நெருக்கமாக இருக்கும்: சிறியதுக்கு 200 சொச்சம், பெரியதுக்கு 280 சொச்சம்.

ஆக என் தீர்ப்பு: கம்பம், போடி வீட்டிலிருந்து தோட்டத்துக்கு ஏறி இறங்குபவருக்கு 25 போதும். மேலே குடியிருந்து மாதம் பல தடவை மதுரை ஆஸ்பத்திரிக்கோ கோட்டயத்துக்கோ போகிறவருக்கு 35 வேண்டும். நான்கு வழிச்சாலையில் முந்துவதற்கும் பெரிய மோட்டார் கை கொடுக்கும். இன்னொரு சின்ன விஷயம்: மின்சார கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் மோட்டாரின் கிலோவாட்டை வைத்துப் பிரிக்கப்படுகிறது. 30க்குக் கீழே, 30 முதல் 65 வரை, 65க்கு மேல் என்று மூன்று அடுக்கு. சிறிய பஞ்ச் 60 கிலோவாட், நடு அடுக்கில் விழும். பெரியது 90, மேலடுக்கு. தொடர்ந்து கட்ட வேண்டியது என்பதால் இதையும் கணக்கில் சேருங்கள்.

அந்த வண்டியின் மற்ற எண்களில் நமக்கு வேண்டியவை: தரையிலிருந்து 190 மில்லிமீட்டர் உயரம், 350 மில்லிமீட்டர் வரை தேங்கிய நீரில் போகலாம் என்ற உறுதி, 366 லிட்டர் டிக்கி, எல்லா ரகத்திலும் ஆறு ஏர்பேக், 2024இல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். பெரிய திரை, சன்ரூஃப், குரலில் பேசினால் கேட்பது இதெல்லாம் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். குமுளி மலைப்பாதையில் மூடுபனியில் அவை எதுவும் உதவாது. பின்பக்க வைப்பரும் கண்ணாடியின் பனித்துளியைப் போக்கும் கம்பியும்தான் உதவும். குறைந்த விலை ரகத்தில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல மின்சார கார்களில் அதற்குப் பதிலாகப் பஞ்சர் ஒட்டும் பெட்டி மட்டும் கொடுப்பார்கள். கல் ரோட்டில் டயர் பக்கவாட்டில் கிழிந்தால் அந்தப் பெட்டி எதற்கும் ஆகாது.

நெக்ஸான் இவியில் 2023இல் வந்த வசதி ஒன்று எஸ்டேட்காரர்களுக்குப் பிடிக்கும்: வண்டியின் பேட்டரியிலிருந்தே வெளிச் சாதனங்களுக்கு மின்சாரம் எடுக்கலாம். மரம் சாய்ந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாதபோது ஃப்ரிட்ஜையும் நாலு விளக்கையும் ஓட்டிவிடும். இந்த வசதி எல்லா வண்டியிலும் இல்லை, கேட்டு வாங்குங்கள்.

டெஸ்ட் டிரைவ்: தேனி பைபாஸில் வேண்டாம்

ஷோரூம் வாசலிலிருந்து பைபாஸில் ஒரு சுற்று சுற்றினால் எல்லா மின்வண்டியும் அருமையாகத்தான் இருக்கும். வீட்டில் நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் நான்கைந்தாவது ஏறி இறங்க அனுமதி கேளுங்கள். ஷோரூம் தூரம் என்றால் லோயர் கேம்ப்புக்கு மேலே குமுளிப் பாதை. தயங்கினால் வேறு ஷோரூம் பாருங்கள்.

கொண்டை ஊசி வளைவில், பாதி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். பின்னால் உருள்கிறதா, பிடித்து நிற்கிறதா? பின் சீட்டில் பெரியவர்களை உட்கார வையுங்கள். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் சில வண்டிகளில் தரை மேலேறி, முழங்கால் தூக்கி, தொடைக்குத் தாங்கல் இல்லாமல் போகும். அரை மணியில் அம்மா "இடுப்பு வலிக்குது" என்றால் அது விற்பனையாளர் சொல்வதை விட முக்கியமான தகவல். நான்கு பேரோடு உங்கள் தோட்டத்து வழி மாதிரி ஒரு மண் பாதையில் இறக்கி, அடியில் தட்டுகிறதா என்றும் கவனியுங்கள்.

மேடு ஏறுவது

எடையை உயரத்துக்குத் தூக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்பது பள்ளிப் பாடக் கணக்கு. வண்டியும் ஆட்களும் சேர்ந்து 1,600 கிலோ, உயரம் 1,000 மீட்டர் என்றால் 4.4 யூனிட் வரும். மோட்டாரில் வீணாவதைச் சேர்த்தால் 5. போடியிலிருந்து போடிமெட்டு உயரம் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வரும். இருபத்து சொச்சம் கிலோமீட்டர் உருளுவதற்கு இன்னும் இரண்டரை யூனிட். மொத்தம் ஏழரை. 25 கிலோவாட் மணி பேட்டரியில் 30 சதவீதம். புதிதாக ஓட்டுபவர் 26 கிலோமீட்டருக்கு 30 சதவீதம் இறங்குவதைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கும். இதே வேகத்தில் இறங்கினால் மூணாறு போய்ச் சேருவோமா என்று தோன்றும். வண்டியின் திரையும் அதே பயத்தில் "மீதம் 60 கிலோமீட்டர்" என்று காட்டும். அது ஏற்றத்தில் ஓடிய கடைசிக் கிலோமீட்டர்களை வைத்துப் போட்ட கணக்கு. மேட்டைத் தாண்டியதும் எண் தானாகவே தேறிவிடும். ஏறும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், சதவீதத்தைப் பாருங்கள்.

ஓட்டுவதைப் பொறுத்தவரை இங்கே கிளட்ச் இல்லை, கியர் இல்லை, இன்ஜின் திணறல் இல்லை. முழு டார்க்கும் தொட்டவுடன் கிடைக்கும். முன்னால் ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் ஊர்ந்தால், கியர் இறக்காமல், புகையில்லாமல் அதன் பின்னாலேயே ஊரலாம். ஆனால் பஞ்ச், நெக்ஸான் இரண்டும் முன்சக்கர இழுவை. ஈரமான ஏற்றத்தில், பாசி பிடித்த சிமெண்ட் பாதையில், காலை அழுத்தினால் முன்சக்கரம் சுழலும். முட்டையை மிதிப்பதைப் போல மெதுவாக அழுத்த வேண்டும். தோட்டத்துக்குள் இருக்கும் உண்மையான ஜீப் பாதைகளுக்கு இது வண்டி அல்ல. அதற்கு ஜீப்பேதான்.

இறங்குவது

மின்வண்டியின் அருமை இறக்கத்தில்தான் தெரியும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் டைனமோவாக மாறி, வண்டியையும் பிடிக்கும், பேட்டரியையும் ஏற்றும். பஞ்சில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலால் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை பிடிப்பைக் கூட்டிக் குறைக்கலாம். போடிமெட்டிலிருந்து இரண்டாம் நிலையில் இறங்கினால் பிரேக்கைத் தொடும் வேலையே மிகக் குறைவு. பிரேக் காயும் நாற்றம் வராது. அடிவாரம் வரும்போது மேலே இருந்ததை விட ஐந்தாறு சதவீதம் கூடியிருக்கும். ஏற்றத்தில் போனதையும் இறக்கத்தில் வந்ததையும் கூட்டிக் கழித்தால், போய் வந்த கணக்கு சமவெளியில் ஓடியதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

மேலே குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, ஷோரூமில் இதைச் சொல்பவர்கள் குறைவு. பேட்டரி நூறு சதவீதம் நிறைந்திருந்தால், இறக்கத்தில் வரும் மின்சாரத்தை வாங்க அதில் இடமில்லை. மோட்டார் பிடிப்பு வெகுவாகக் குறையும், சில சமயம் வேலையே செய்யாது. நேற்று ஆக்சிலேட்டரை விட்டதும் நின்ற வண்டி இன்று வழுக்கிக்கொண்டு போகும், அதுவும் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே. அதனால் குமுளியிலோ பூப்பாறையிலோ ராத்திரி சார்ஜ் போட்டுக் காலையில் கீழே இறங்குபவர்கள் 85, 90 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள். கீழே இருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. இரும்பு பாஸ்பேட் (எல்எஃப்பி) வகை பேட்டரியாக இருந்தால், அதை அவ்வப்போது நூறு வரை ஏற்றினால்தான் மீதம் காட்டும் கணக்கு சரியாக இருக்கும். மேலே உள்ளவர்கள் அதைச் சமதளத்தில் சுற்றப்போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மழையில், இலை உதிர்ந்து வழுக்கும் பாதையில், மூன்றாம் நிலைப் பிடிப்பு வேண்டாம். முன்சக்கரம் மட்டும் திடீரென்று பிடித்தால் வளைவில் மூக்கு வெளியே போகும். ஒன்றில் வைத்து, மீதியை பிரேக்கில் செய்யுங்கள். ஏறும் வண்டிக்கு வழி விடுவது பழைய விதிதான். கூடவே, உங்கள் வண்டிக்குச் சத்தம் இல்லை என்பதை மறக்க வேண்டாம். வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள். எதிரே வருகிறவர் இன்ஜின் சத்தத்தை வைத்து ஒதுங்கிப் பழகியவர். சின்னக்கானல், சூரியநெல்லி பக்கம் யானைக்கும் இதே கதைதான் என்பார்கள். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையே 2023 மே மாதம் கம்பம் தெருவுக்குள் நடந்து வந்தவன், மெட்டுக்கு மேலேதான் யானை என்று நினைக்க வேண்டாம்.

வெளியூர்ச் சார்ஜ்

இங்கே விற்கும் கார்களுக்கெல்லாம் அநேகமாக ஒரே வகை வேகச் சார்ஜர் கன் (வண்டியில் செருகும் முனை)தான், சிசிஎஸ்2. பஞ்சில் 50 கிலோவாட் சார்ஜரில் 10இலிருந்து 80 சதவீதம் ஏற 56 நிமிடம் என்று கம்பெனி சொன்னது. 80க்கு மேல் வேகம் சட்டென்று இறங்கிவிடும்; மீதி இருபதுக்குக் காத்திருப்பது நேர விரயம், பின்னால் நிற்பவருக்கும் எரிச்சல்.

ஆப்களை வீட்டில் வைஃபையில் உட்கார்ந்து இறக்கி, பணம் போட்டு வைத்துவிடுங்கள். கேரளப் பக்கம் கேரள மின்வாரியத்தின் (கேஎஸ்இபி) சார்ஜர்கள், கொச்சிக்காரர்களின் கோஎக். தமிழ்நாட்டுப் பக்கம் கோயம்புத்தூரின் ஜியான். இரண்டு பக்கமும் டாடா பவர். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆப். மலையில் சார்ஜர் முன்னால் நின்றுகொண்டு ஓடிபிக்காக போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிப்பது கொடுமை. கார்டு கிடைத்தால் வாங்கி வையுங்கள். கிளம்பும் முன் அந்தச் சார்ஜர் அன்று வேலை செய்ததா என்று பிளக்ஷேர் ஆப்பில் கடைசியாக வந்தவர் எழுதியதைப் பாருங்கள். அடுத்த சார்ஜர் மேட்டுக்கு மேலே என்றால் 40 சதவீதத்துக்குக் குறைந்து கிளம்பாதீர்கள்.

இடி மின்னல் தொடங்கினால் வீட்டில் கன்னைக் கழற்றி, எம்சிபியையும் இறக்கிவிடுங்கள். ஐப்பசியில் இது வாரம் நான்கு நாள் வேலை.

நின்றுபோனால்

பெரிய பேட்டரி நிறைய இருந்தும் வண்டி உயிர் பெறவில்லை என்றால் பெரும்பாலும் 12 வோல்ட் சின்ன பேட்டரிதான் காரணம். அதற்கு ஜம்ப் கேபிள் கொடுக்கும் முறையைக் கையேட்டில் பார்த்து வையுங்கள். ஆனால் ஒன்று, வழக்கம்போல ஜீப்பில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. முன்சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், உள்ளே எலக்ட்ரானிக்ஸ் கெடும். முழு வண்டியையும் தூக்கி வைக்கும் லாரிதான் வர வேண்டும். எனவே வாங்கும் முன்பே கேளுங்கள்: அவசர உதவி வண்டி மேட்டுக்கு மேலே, மாநிலம் தாண்டி வருமா? எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம்?

பதிவும் காகிதமும்

மின்சார காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். தமிழ்நாட்டில் மின்வண்டிக்குச் சாலை வரி விலக்கு சில வருஷமாக நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. பதியும் மாதத்து நிலவரத்தை ஆர்டிஓவில் கேளுங்கள். கேரளத்தில் வரி உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து விலைக்கேற்ப 5 முதல் 10 சதவீதம். இதைப் பார்த்ததும் "கம்பத்து மாமா வீட்டு அட்ரஸில் போட்டுவிடலாம்" என்று தோன்றும். ஆனால் வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். செக்போஸ்ட்டில் தினமும் பார்க்கும் முகம் உங்களுடையது. உண்மையில் எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கேயே பதியுங்கள். வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வரிச்சலுகை என்று யாராவது சொன்னால், அது 2023 மார்ச் 31க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும்.

காப்பீட்டில் சார்ஜருக்கும் பேட்டரிக்கும் தண்ணீரால் வரும் சேதத்துக்கும் பாதுகாப்பு தனியாகச் சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள். பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி என்பது பல கம்பெனிகளில் வழக்கம். அது இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா, எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

டெலிவரி நாளில் மாலை போட்டுப் போட்டோ எடுக்கும் முன் டிக்கியைத் திறந்து சார்ஜர் கேபிள் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் சீரியல் எண்ணை பில்லில் எழுதச் சொல்லுங்கள், தனியே வாங்கினால் விலை அதிகம். ஷோரூமிலேயே ஒரு தடவை செருகி, பச்சை விளக்கு வருவதைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து அன்றைக்கே உங்கள் சாக்கெட்டில் செருகுங்கள். ஷோரூமில் பச்சை, வீட்டில் சிவப்பு என்றால் ஒயர்மேன் அண்ணனுக்குப் போன் போடுங்கள், சர்வீஸ் சென்டருக்கு அல்ல.